வழுக்கை டயர் வழக்கு

மணி பதினொன்றே கால். ஐந்து மணிக்கு லிங்கேஸ்வரனின் பட்டறைக்குப் பூட்டுப் போடப்போவதாக விஜயபாண்டி சொல்லியிருந்தார். இடம் அவருடையது. பூட்டும் அவருடையது. இடையில் இருந்த ஐந்தே முக்கால் மணி நேரம் மட்டும்தான் கற்பகத்துடையது.

கற்பகம் இருபத்திரண்டு வருடம் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவள். லாரி மரத்தில் மோதியது என்றவர்களையும், மரம்தான் வந்து லாரியில் மோதியது என்றவர்களையும் ஒரே முகத்தோடு கேட்டுப் பழகியவள். வேலையை விட்டதும் போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். அவளுடைய ஒரே உதவியாளன் முத்துக்கண்ணன். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு இருபது வருடம் ஜீப் ஓட்டியவன். ஜீப்பை விற்றபோது வாயை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டான்.

வழக்கு இதுதான். ஏலக்காய் வியாபாரி விஜயபாண்டிக்கு நாற்பத்தாறாவது வயதில் கார்ப் பந்தயத்தின் மேல் ஆசை வந்தது. ஒரு பழைய சின்னக் காரை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, பந்தயத்துக்கென்றே செய்த நாலு ஸ்லிக் டயர்களை மாட்டினார். ஸ்லிக் என்றால் கோடு, பள்ளம் எதுவும் இல்லாத மொழுக்கென்ற டயர். மூன்று வாரத்துக்கு முன்னால், கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பந்தயத் தடத்தில், முதல் பந்தயத்தின் முதல் வளைவிலேயே கார் பம்பரமாக மூன்று சுற்றுச் சுற்றி மணலில் போய் உட்கார்ந்தது. அவருக்குத் தோள்பட்டை எலும்பில் விரிசல். எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிடும். ஆனால் யாரோ எடுத்த வீடியோ, போடியில் ஏலக்காய் விற்கிறவன், வாங்குகிறவன், மூட்டை தூக்குகிறவன் என்று ஒரு ஃபோனையும் விட்டுவைக்கவில்லை.

"அந்த லிங்கேஸ்வரன் பழைய டயரைப் புதுசுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டான். இல்லைன்னா அந்த அருள்பாண்டி பேச்சைக் கேட்டு ஏதோ பண்ணிட்டான். ரெண்டுல எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்று விஜயபாண்டி சொல்லியிருந்தார். அருள்பாண்டி அவருக்குப் போட்டி வியாபாரி. தீர்ப்பை எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு விசாரணைக்கு ஆள் தேடியிருந்தார் மனிதர்.

சிலமலை ரோட்டில் இருந்த பட்டறையில் அந்த நாலு டயர்களும் சுவரோரம் சாய்ந்திருந்தன. முத்துக்கண்ணன் ஒன்றைத் தடவிப் பார்த்தான்.

"அக்கா, என் ஜீப்புல இதைவிட வழுக்கையா ஓடுச்சு. அதுக்கு ஆர்.டி.ஓ. எனக்கு அபராதம் போட்டாரு. இவுக காசு குடுத்து வழுக்கை வாங்கியிருக்காகளே!"

"அது தேஞ்ச வழுக்கைண்ணே. இது பொறந்தப்பவே வழுக்கை" என்றான் லிங்கேஸ்வரன். முப்பத்தைந்து வயது. கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் குழுவில் ஒன்பது வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். முகத்தில் ரெண்டு நாள் தாடி. கண்ணில் ரெண்டு நாள் தூக்கமின்மை. "கோடு இல்லாததால முழு ரப்பரும் ரோட்டுல ஒட்டும். காஞ்ச ரோட்டுல இதை அடிச்சுக்க ஆளில்லை. ஒரு தூத்தல் விழுந்தா ஆளையே காணாது."

"எந்த டயருன்னு முடிவு பண்ணினது யாரு?" என்று கேட்டாள் கற்பகம்.

"நான்தாங்க்கா. இதுல சாஃப்ட்டு, மீடியம், ஹார்டுன்னு மூணு இருக்கு. சாஃப்ட்டு நல்லா ஒட்டும், ஆனா மத்தியான வெயில்ல அஞ்சாறு ரவுண்டுல கரைஞ்சிரும். ஹார்டு ரொம்ப நேரம் தாங்கும். ஆனா அதுக்குச் சூடேத்தணும். சூடேறினாத்தான் ஒட்டும். மொதலாளி வந்து…" நிறுத்திக்கொண்டான்.

"மொதலாளி?"

"நேர் ரோட்டுல நல்லா விரட்டுவாருங்க்கா. டயரு சூடேறுறது வளைவுலதான்."

முத்துக்கண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றினான்.

"அதனால மீடியம் எடுத்தேன். கறுப்பு பாலிதீன் சுத்தி டிசம்பர் மாசம் குடுத்தேன். பட்டறையில வச்சா அருள்பாண்டி ஆளு ஆணி அடிச்சிருவான்னு சொல்லி மொதலாளியே கொண்டு போயிட்டாரு. திரும்ப அந்த டயரை நான் பார்த்தது பந்தயத்தன்னிக்குக் காலையிலதான்."

கற்பகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். டயரின் பக்கவாட்டில் எண்கள் இருந்தன. கடைசி நாலு இலக்கம், எந்த வருடத்தின் எத்தனையாவது வாரத்தில் அது வார்க்கப்பட்டது என்பதைச் சொல்லும். லிங்கேஸ்வரன் காட்டிய பில்லோடு நாலு டயரையும் ஒப்பிட்டாள். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. வாங்கும்போது டயருக்கு வயது நாலே மாதம். பழைய டயரும் இல்லை, ஆள்மாறாட்டமும் இல்லை.

பிறகு கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்தினாள். ஸ்லிக் ரப்பரில் நகம் மெழுகில் இறங்குவதுபோல் இறங்க வேண்டும். இறங்கவில்லை. நகம்தான் மடங்கியது.

"வருஷம் திரும்பாத கொழந்தைக்குக் கெழவன் தோலு" என்றாள்.

டயரின் உள்விளிம்பில், தேய்மானம் பார்ப்பதற்காக ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னக் குழிகள். அவற்றில் பந்தயத் தடத்து மணல் அடைத்திருந்தது. கற்பகம் சேலையில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குழி குழியாகக் குடைந்தாள். மூன்றாவது டயரில், மணலுக்குப் பதிலாக ஒரு பழுப்புத் துணுக்கு ரப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அரிசியில் பாதி இருக்கும்.

முத்துக்கண்ணன் எட்டிப் பார்த்தான். "ஏலக்காக் காம்பு. அக்கா, போடியில ஏலக்கா கெடைச்சதெல்லாம் துப்புன்னா மொதல்ல என் சட்டைப் பையைத்தான் கைது பண்ணணும்."

"காய் கெடைச்சா துப்பில்லை முத்துக்கண்ணா. போடிக்கு வந்து சேர்ற காயில காம்பு இருக்குமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "இருக்காதே! மேல எஸ்டேட்டு ஸ்டோர்லயே, காஞ்ச சூட்டோட தேய்ச்சுக் காம்பை உதுத்துருவாக…" பாதியில் நிறுத்தி, கற்பகத்தின் கார்ச் சாவியை எடுத்தான். "வண்டியை எடுக்கவா?"

வண்டியில் ஏறும்போதே கற்பகம் விஜயபாண்டியை ஃபோனில் பிடித்தாள். டயரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"மேல எங்க எஸ்டேட்டுல. தவசி பொறுப்புல. ஈ, காக்கா அண்டியிருக்காது. நீங்க அங்கயெல்லாம் அலைய வேணாம் மேடம், தப்புப் பண்ணின ஆளு கீழதான் இருக்கான்!"

போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் முத்துக்கண்ணன் ஒரு கையால் திருப்பினான். இன்னொரு கை எதிரே வந்த ஜீப் டிரைவர்களுக்கு வணக்கம் வைப்பதற்கே சரியாக இருந்தது. ஒன்பதாவது வளைவில் ஒரு ஜீப், பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு, தேய்ந்து நூல் தெரிகிற டயரோடு, சாலையில் வரைந்த கோடு போல வழுக்காமல் இறங்கியது.

"பாத்தீகளா? இந்த டிரைவரைப் பந்தயத்துக்கு அனுப்பியிருக்கணும்" என்றான்.

செக்போஸ்ட்டைத் தாண்டியதும் குளிர். பிறகு ஏலச்செடிகள், பிறகு எஸ்டேட். ஸ்டோர் என்பது ஏலக்காய் காய வைக்கிற நீளமான கட்டடம். ஒரு பக்கம் விறகு அடுப்பு; அதிலிருந்து கிளம்பும் சூட்டைத் தகரக் குழாய்கள் அறை முழுக்கக் கொண்டுபோகும். கம்பி வலைத் தட்டுகளில் பச்சைக் காய்கள் அந்தச் சூட்டில் ஒரு நாள் பூராவும் கிடக்கும். கதவைத் திறந்ததும் கற்பகத்தின் கண்ணாடி வியர்த்துவிட்டது.

தவசி அறுபதைத் தொட்டவர். முப்பது வருடமாக அந்த ஸ்டோரின் சூடு அவர் கையில். காக்கி டவுசர், தலையில் துண்டு, கையில் வெப்பமானி.

"டயரா? வந்துச்சே! நாலு உருப்படி. நாந்தான் பாத்துக்கிட்டேன்" என்றார்.

"வெளியாளு யாரும் தொட்டாங்களா?"

"என் ஸ்டோருக்குள்ளயா? மொதலாளி சம்சாரமே என்னைக் கேட்டுத்தான் உள்ள வரும்."

"எங்க வச்சிருந்தீங்க?"

தவசி பெருமையோடு கூட்டிப் போனார். அடுப்பை ஒட்டிய மூலை. அறையிலேயே சூடு மிகுந்த இடம். கீழ்த்தட்டைக் கழற்றியெடுத்த இடத்தில், சிமெண்டுத் தரையில் நாலு கறுப்பு வட்டங்கள். பக்கத்திலேயே காய் தேய்க்கிற மேடை. மேடையைச் சுற்றிக் காம்புகள் உதிர்ந்து கிடந்தன.

முத்துக்கண்ணன் அந்த வட்டங்களைப் பார்த்தான், கற்பகத்தைப் பார்த்தான், முதல்முறையாக எதுவும் சொல்லவில்லை.

"இங்க… எத்தனை நாளு?" என்றாள் கற்பகம்.

"நாப்பது நாளு. அம்பது டிகிரிக்குக் கீழ எறங்க விடலை. காய் இல்லாத அன்னிக்கும் டயருக்குன்னே அடுப்பு எரிச்சேன். போதும்னு மொதலாளி சொல்லணுமில்ல?" தவசி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஏந்தாயி, டயரு நல்லாக் காஞ்சிருந்துச்சா? ஒண்ணும் கொறை சொல்லலையே?"

"ரொம்ப நல்லாக் காஞ்சிருந்துச்சுண்ணே" என்றாள் கற்பகம். அவளால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. "இப்படி வைக்கச் சொன்னது யாரு?"

"வேற யாரு? மொதலாளிதான். நான் மறந்திரக் கூடாதுன்னு ஃபோன்ல பேசி அனுப்பினாரு. இங்க இருக்கு, கேளுங்க."

தவசியின் பழைய ஃபோனிலிருந்து விஜயபாண்டியின் குரல் ஸ்டோர் முழுக்க ஒலித்தது.

"ஏ தவசி! அந்த நாலு டயரும் ஆறக் கூடாதுப்பா. வெளிநாட்டுல கரண்டுப் போர்வை போத்திச் சூடா வச்சிருக்கான், வீடியோவுல பாத்தேன். நம்மகிட்ட ஸ்டோர் இருக்கையில போர்வை எதுக்கு? காயோட காயா உள்ள வச்சிரு. பாலிதீனை உருவிப் போட்டுரு, அப்பத்தான் சூடு ஏறும். நான் சொல்ற வரைக்கும் எடுக்காதே. லிங்கேஸ்வரனுக்குத் தெரிய வேணாம், அவன் பெரிய இவனாட்டம் பேசுவான்." தூரத்தில் ஒரு பெண் குரல், தோசை ஆறுகிறது என்றது. "இரு வர்றேன், ஒரு முக்கியமான சோலி" என்று அவளுக்குச் சொன்னதோடு செய்தி முடிந்தது.

ஸ்லிக் டயரைச் சூடேற்றுவது உண்மைதான். ஆனால் பந்தயத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால். விஜயபாண்டி வீடியோவை அந்த இடம் வரை பார்க்கவில்லை. நாற்பது நாள் வெந்த ரப்பரில் இருந்த பசையெல்லாம் போய், மிஞ்சியது டயர் வடிவத்தில் ஒரு கட்டை.

முத்துக்கண்ணனுக்கு வாய் திரும்ப வந்தது. "அக்கா, குற்றவாளியைக் கண்டுபிடிச்சாச்சு. பீஸு குடுக்கிறதும் அவருதானே? அங்கதான் சிக்கல்."

நாலே முக்காலுக்கு விஜயபாண்டி வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். வலது கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்க, இடது கையில் பெரிய பூட்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார் விஜயபாண்டி.

"பழைய டயரா, சதியா?"

கற்பகம் தவசியிடமிருந்து வாங்கி வந்திருந்த ஒலிப்பதிவை ஓட விட்டாள்.

விஜயபாண்டியின் முகம் சிவந்தது, வெளுத்தது, பிறகு ஆச்சரியமாக மலர்ந்தது.

"பாத்தீங்களா மேடம்? நான் சொன்னேன்ல? அருள்பாண்டி வேலைதான் இது! இப்ப கம்ப்யூட்டர்ல ஏ.ஐ.ன்னு ஒண்ணு வந்திருக்காமே, யாரு குரல்ல வேணும்னாலும் பேசுமாம். என் குரலைச் செஞ்சு தவசிக்கு அனுப்பியிருக்கான். பாவம், அந்தக் கெழடு நம்பிட்டான்!"

இருபத்திரண்டு வருடத்தில் மரத்தின் மேலும், மாட்டின் மேலும், மழையின் மேலும் பழி போட்டவர்களைக் கற்பகம் பார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டர் இதுவே முதல்முறை. அவர் குரல்தான் என்று அவள் எதை வைத்து நிரூபிப்பது? விஜயபாண்டி பூட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

அப்போது அவர் மனைவி ஈஸ்வரி காபித் தட்டோடு வந்தாள். கற்பகம் பதிவின் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை, சத்தத்தைக் கூட்டி வைத்தாள். "தோசை ஆறுதுங்க" என்றது பதிவு.

ஈஸ்வரி நின்றாள். "இது நானுல்ல?"

"அது கம்ப்யூட்டரு" என்றார் விஜயபாண்டி.

"கம்ப்யூட்டருக்கு நம்ம வீட்டுல தோசை ஊத்தினது எப்படித் தெரியும்? மூணு தடவை கூப்பிட்டேன். டயரு டயருன்னு ஃபோனைக் கட்டிக்கிட்டு நின்னீக. கடைசியில ஆறின தோசையைத்தான் தின்னீக." காபியைக் கற்பகத்திடம் நீட்டினாள். "என்னம்மா ஆச்சு? அந்த மெக்கானிக்குத் தம்பி மேல தப்பில்லைதானே?"

"டயரைத் தேர்ந்தெடுத்ததுல ஒரு தப்பும் இல்லைம்மா. டயரைக் கெடுத்தது ஸ்டோர் சூடு."

விஜயபாண்டி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பூட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டுல தவசின்னு எழுதிக்கலாமா?" என்றார் மெல்ல.

"எழுதலாம் சார். ஒலிப்பதிவையும் கூடவே இணைக்கணும்" என்றாள் கற்பகம்.

ஈஸ்வரி அவருடைய ஃபோனை எடுத்து அவர் இடது கையில் திணித்தாள். "அந்தத் தம்பி பழைய டயரைப் புதுசுன்னு வித்தான்னு வியாபாரிக குரூப்புல நீங்கதானே பேசிப் போட்டீக? அதே வாயால, அவன் மேல தப்பில்லைன்னு பேசிப் போடுங்க. தவசிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. குரல் வேற நல்லாத் தெளிவா இருக்கு."

ஐந்து மணிக்கு, போடியின் அத்தனை ஏலக்காய் வியாபாரிகளின் ஃபோனிலும் விஜயபாண்டி மன்னிப்புக் கேட்டார். அது நாற்பது விநாடி ஓடியது. அதில் பதினைந்து விநாடி இருமல்.

பட்டறையில் லிங்கேஸ்வரன் அதை நாலு தடவை கேட்டுவிட்டான். கற்பகத்தைக் கண்டதும் கும்பிட்டான். கண் கலங்கியிருந்தது. முத்துக்கண்ணன் டீ வாங்கப் போனான்.

கற்பகம் நாலு டயர்களையும் பார்த்துக்கொண்டே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மலையிலிருந்து இறங்கும்போது முழுக்க ஒரு கேள்வி அவளை உறுத்திக்கொண்டு வந்தது.

"பந்தயத்தன்னிக்குக் காலையில இந்த நாலையும் ரிம்முல ஏத்தினது உன் கைதானே தம்பி? ஒன்பது வருஷம் பழகின கை. ரப்பர் செத்துப்போச்சுன்னு அதுக்குத் தெரியாம இருக்குமா?"

அவன் முகத்திலிருந்த சந்தோஷம் அப்படியே நின்றுபோனது. துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"தெரியும்க்கா" என்றான். "ஏத்தறப்பவே தெரிஞ்சிருச்சு."

"ஏன் சொல்லலை?"

"பந்தயத்துக்கு முன்னாடி பழக்க ஓட்டத்துல, இரவல் டயருல ஓட்டினாரு. அந்த வளைவுக்குள்ள பிரேக்கைத் தொடாம நுழைஞ்சாரு. டயரு பிடிச்சதால பொழைச்சாரு. சொன்னா கேக்கலை. நல்ல டயரு போட்டா இன்னும் வேகமாத்தான் போவாரு, ஒருநாள் செத்தே போயிருவாரு. செத்த டயருன்னா கௌம்பினதுமே வழுக்கும், பயந்துபோய் மெதுவா ஓட்டுவாருன்னு நெனைச்சேன்." துணியைக் கீழே போட்டான். "வழுக்கிச்சுக்கா. அவரு பயப்படலை."

காலையிலிருந்து ஒரு நிரபராதிக்காகக் கற்பகம் ஓடியிருந்தாள். இப்போது அவன் எத்தனை சதவீதம் நிரபராதி என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரிப்போர்ட்டுல எழுதுவீங்களா?"

"டயரைக் கெடுத்தது யாருன்னுதான் அவரு கேட்டாரு. தெரிஞ்சும் பேசாம இருந்தது யாருன்னு கேக்கலை." எழுந்தாள். "ஆனா தோள்பட்டைக்குப் பதிலா கழுத்து ஒடிஞ்சிருந்தா, இந்தக் கேள்வியைப் போலீஸ்காரன் கேட்டிருப்பான். அப்பவும் நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு சொல்லுவியா?"

லிங்கேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுடைய ஃபோன் அடித்தது. திரையில் மொதலாளி. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"லிங்கம்! மனசுல ஒண்ணும் வச்சுக்காதப்பா. கட்டு அடுத்த மாசம் பிரிச்சிருவாங்க. அதுக்கடுத்த பந்தயத்துக்குப் பேரு குடுத்திருக்கேன். இந்தத் தடவை சாஃப்ட்டா வாங்கிரு, சும்மா ரோட்டோட ஒட்டணும். என்ன சொல்றே?"

லிங்கேஸ்வரன் கற்பகத்தைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. ஊக்கைச் சேலையில் குத்திக்கொண்டிருந்தாள்.

"மொதலாளி," என்றான். "டயரு வாங்கித் தர மாட்டேன். சாஃப்ட்டும் இல்லை, ஹார்டும் இல்லை. உங்களுக்கு வளைவுல வண்டியைத் திருப்பத் தெரியலை. மொதல்ல அதைக் கத்துக்கிடுங்க. இல்லைன்னா வேற மெக்கானிக்கைப் பாத்துக்கிடுங்க. பட்டறையைப் பூட்டிக்கிட்டாலும் சரி."

டீ டம்ளர்களோடு உள்ளே வந்த முத்துக்கண்ணன் வாசலிலேயே நின்றான். ரோட்டில் ஒரு லாரி போய் அடங்கியது.

"கத்துக்க எத்தனை நாளாகும்?" என்றது விஜயபாண்டியின் குரல். இந்த முறை அது கொஞ்சம் சின்னதாக இருந்தது.